பர்ரேது படிக்கட்டில் ஒரு பெண்

எவரிஸ்துவுக்கு வெயில் ஆகாது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது; கண்ணுக்குத்தான் ஆகாது. வெயில் அடித்தால் போர்ட்டோ நகரம் சந்தைக்குக் கிளம்பியவளைப்போல மினுக்க ஆரம்பித்துவிடுகிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் நீல ஓடு, மஞ்சள் சுவர், ஜன்னலில் ஆடுகிற பச்சைச் சட்டை என்று ஒரே கூச்சல் என்பார். மூடுபனி இறங்கிய காலையில்தான் ஊர் வாயை மூடும். அப்போது ஆற்றங்கரைப் பக்கம் இறங்கிப் போனால், கருங்கல் வீடுகளும் ஈரப் படிக்கட்டுகளும் பாதி கரைந்து நிற்கிற இரும்புப் பாலமுமாக, கடவுள் இந்த ஊரைக் கறுப்பு வெள்ளையில்தான் படைத்தார் என்று அவருக்குத் தோன்றும்.

ஆனால் மூடுபனி சோறு போடாது. ஃப்ளோரெஸ் தெருவில் இருந்த அவருடைய ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் கோயிலில் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளும் புதுக் கல்யாண ஜோடிகளும்தான். அவர்களும் அவரைத் தேடி வரவில்லை, அவர் மனைவி ஸுல்மிராவைத் தேடி வந்தார்கள். முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் பிள்ளைகளின் கன்னத்துக்கு ரோஜா நிறமும் மணப்பெண்ணின் கைப்பூச்செண்டுக்கு மஞ்சளும் ஏற்றித் தருவது அவள் வேலை. எவரிஸ்து அந்தப் பக்கமே பார்க்கமாட்டார்.

"பொணத்துக்குப் பவுடர் பூசற மாதிரி இருக்கு" என்பார்.

"இந்தப் பவுடர்லதான் உன் பனிமூட்டம் சாப்பிடுது" என்பாள் ஸுல்மிரா, தலை நிமிராமலே.

மற்ற புகைப்படக்காரர்கள் எல்லாம் புது ஃபிலிமுக்கு மாறிவிட்ட பிறகும் அவர் பழைய கண்ணாடித் தட்டுகளையே லிஸ்பனிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு எதுவானாலும் அதில் கரியாகத்தான் விழும். அந்தக் கரிக் கறுப்புக்காகவே அவருக்கு அது பிடிக்கும். வேறு எதிலும் அப்படி ஒரு கறுப்பு வராது என்று சாதிப்பார்.

ஸ்நாபக அருளப்பர் திருவிழா முடிந்த மறுநாள் காலை அந்தப் படத்தை எடுத்தார். ஊர் முழுவதும் விடிய விடிய ஆடிவிட்டு அப்போதுதான் படுத்திருந்தது. தெருவெல்லாம் ஒருவர் தலையில் ஒருவர் தட்டி விளையாடி மிதிபட்ட பூண்டுத் தண்டும் மத்திமீன் முள்ளும். ஆற்றங்கரை மீனவர் குடியிருப்பான பர்ரேதுவின் படிக்கட்டு அடியில் காமிரா ஸ்டாண்டை ஊன்றிக் காத்திருந்தார். மேலே பனிக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கினாள். தலையில் பாத்திரம், ஒரு கை இடுப்பில், பார்வை படியில். நடுப்படிக்கு வந்தபோது அவளுக்குப் பின்னால் பனி சற்றே விலகிப் பாலத்தின் வளைவு தெரிந்தது. எவரிஸ்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தட்டை மூடிவிட்டார்.

இருபது வருஷத்தில் எடுத்த படங்களிலேயே அதுதான் உயர்ந்தது என்று இருட்டறையில் அது மருந்துத் தண்ணீரில் எழுந்து வரும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ரயில் நிலையத்துக்கு எதிரே புகையிலையும் படம்போட்ட தபால் அட்டையும் விற்கிற லசெர்தா அதைப் பார்த்ததும் அச்சடிக்க எடுத்துக்கொண்டார்.

"கீழ என்ன போடட்டும், சென்யோர் எவரிஸ்து?"

"படத்தைப் பாருங்களேன். கறுப்பு உடுத்தி, தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தனியா வர்றா. 'பர்ரேது விதவை'ன்னு போடுங்க."

கோடை முழுவதும் அட்டை விற்றது. வெளியூர்க்காரர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். லிஸ்பன் வாரப் பத்திரிகை ஒன்றுகூட அரைப் பக்கத்துக்குப் போட்டது. எவரிஸ்து அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடம் எதையோ தேடுவதுபோல எடுத்து எடுத்துக் காட்டினார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, ஸ்டூடியோக் கதவு சுவரில் மோதித் திறந்தது. மீன் வாசனை முதலில் வந்தது, பிறகு தலையில் கூடையோடு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கூடையை இறக்கி, மணப்பெண்களை உட்காரவைக்கிற பட்டு நாற்காலியின்மேல் வைத்தாள்.

"இங்க படம் பிடிக்கிறவன் யாரு?"

எவரிஸ்து கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். "நான்தாம்மா. என்ன வேணும்?"

"என் புருஷனைக் கொன்னது நீதானா?"

எவரிஸ்து மனைவியைப் பார்த்தார். ஸுல்மிரா தூரிகையைக் கீழே வைத்தாள்.

வந்தவள் மார்புச் சட்டைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் அறைந்தாள். "படிச்சுக் காட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது. தெருவுல எல்லாரும் படிச்சுக் காட்டிட்டாங்க, நீயும் ஒரு தடவை படி, கேப்போம்."

"பர்ரேது... விதவை" என்றார் எவரிஸ்து.

"அது நான்தான். என் பேரு தெயோலிந்தா. என் புருஷன் பேரு ஃபிர்மினோ. ஏப்ரல் மாசம் கிரீன்லாந்துக்குப் பகல்யாவு மீன் பிடிக்கப் போனான், குளிர் வந்தாத் திரும்புவான். எருமைக்கடா மாதிரி இருக்கான். அவன் இங்க எப்ப செத்தான்? நீ பாத்தியா? பொணத்தைக் குளிப்பாட்டினியா?"

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. கறுப்பு உடுத்தியிருந்ததால..."

"கறுப்பா!" அவள் கூடையிலிருந்து ஒரு துணிமூட்டையை இழுத்து மேசையின்மேல் உதறினாள். கனத்த கம்பளிப் பாவாடை, அடர்ந்த சிவப்பு. "இதுதான் அன்னிக்கு நான் கட்டியிருந்தது. போன வருஷம் நியூஃபவுண்ட்லாந்து துறைமுகத்துல இறங்கி, அந்தாளு சாராயம்கூடக் குடிக்காம எனக்கு வாங்கிட்டு வந்தது. இது கறுப்பா? சொல்லு!"

ஸுல்மிரா எழுந்து வந்து பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல கம்பளி" என்றாள் மெதுவாக.

எவரிஸ்து தட்டுக்குச் சிவப்பு தெரியாத கதையைச் சொன்னார். வெளிச்சம், ரசாயனம் என்று என்னென்னவோ சொன்னார். தெயோலிந்தா இடுப்பில் கைவைத்துக் கடைசிவரை கேட்டாள்.

"சரி. உன் தட்டு குருடு. உனக்குமா கண்ணு குருடு? நீ எதிர்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

எவரிஸ்து அட்டையைக் கையில் எடுத்தார். அந்தக் காலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். படியின் ஈர விளிம்பு நினைவிருந்தது. பாலத்தின் வளைவு, பாத்திரத்தின் சாய்வு, அதில் ஒட்டிய வெளிச்சம் எல்லாம் இருந்தன. பாவாடையின் நிறம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றப்ப என் அத்தை கடையில இதைப் பாத்துட்டாங்க" என்றாள் தெயோலிந்தா. குரல் இறங்கியிருந்தது. "கப்பல் கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நமக்குத்தான் மறைச்சுட்டான்னு நினைச்சு நடுத்தெருவுல விழுந்துட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரி மெழுகுவர்த்தி கொண்டாந்துட்டா. கடல்ல இருக்கிறவனைப் பத்தி இப்படி எழுதலாமா, சொல்லு. ஒரு மனுஷன், ஒத்தைத் தோணி, சுத்திலும் தண்ணி. நாங்க வாயில அந்த வார்த்தையை எடுக்கவே மாட்டோம்."

லசெர்தாவிடம் பேசி அட்டையை எடுக்கச் சொல்வதாக எவரிஸ்து வாக்குக் கொடுத்தார். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டு நாற்காலியில் ஈர வட்டம் ஒன்று தங்கிவிட்டது.

லசெர்தா கேட்டுவிட்டுச் சிரித்தார். "எடுக்கவா? பிரான்ஸ்காரன் வந்தா அதைத்தானே கேக்கறான்! புருஷன் உயிரோட இருக்கிற மீன்காரியை எவன் வாங்குவான்? போங்க சென்யோர், போய் இன்னொரு விதவையைப் பிடிச்சுட்டு வாங்க."

எவரிஸ்து வீட்டுக்கு வந்து கீரை சூப்பைக் கலக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஸுல்மிரா சோளரொட்டியை வெட்டி எதிரே வைத்தாள்.

"ஒரு வழி இருக்கு" என்றாள். "கடையில இருக்கிற அட்டையிலெல்லாம் பாவாடைக்குச் சிவப்பு ஏத்திடலாம். அந்த வார்த்தையை அடிச்சுட்டு அவ பேரை எழுதலாம்."

"என் படத்துக்கா? உதட்டுச் சாயமா?"

"பாவாடைச் சாயம்."

"ஸுல்மிரா, அது நான் இருபது வருஷமா காத்திருந்த படம். அதுல கைவெச்சா அது மிட்டாய் டப்பா மூடியாயிடும்."

"அவ என்ன, மிட்டாயா கேக்கறா?" என்று சொல்லிவிட்டு ஸுல்மிரா தன் சூப்பைக் குடித்தாள்.

பணிந்து மன்னிப்புக் கேட்டால் போதும் என்று எவரிஸ்து முடிவுசெய்தார். அந்தப் படத்தையே பெரிதாகப் போட்டு, அட்டைச் சட்டம் கட்டி, மறுநாள் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு பர்ரேதுவுக்குப் போனார். காமிரா இல்லாமல் அந்தப் படிகளில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. முதல் திருப்பத்திலேயே ஜன்னல்கள் திறந்துகொண்டன.

"வழி விடுங்கடி! ஃபிர்மினோவுக்குக் குழி வெட்டினவரு வர்றாரு!"

"ஐயா, என் வீட்டுக்காரனையும் ஒரு படம் எடுங்களேன்! நாள் பூரா குடிச்சுட்டுக் கிடக்கான், போய்ச் சேரட்டும்!"

"அவனை எடுத்தா தட்டு உடைஞ்சுடும்டி!"

சிரிப்பு வீட்டுக்கு வீடு தாவி மேலே ஏறியது. எவரிஸ்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

தெயோலிந்தாவின் வீடு ஒரே அறை. மாமியார் கிரசிந்தா அடுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். வந்தவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தெயோலிந்தா சட்டத்தை வாங்கிப் பார்த்தாள்.

"பெரிசாக்கி வேற கொண்டாந்திருக்கியா? சின்னதுல செத்தது பத்தாதா அவனுக்கு?"

சட்டத்தைத் திருப்பி அவர் கையிலேயே திணித்தாள். எவரிஸ்து சொல்ல நினைத்து வந்ததில் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. வெளியே வந்துவிட்டார்.

ஆற்றிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. அவருக்குப் பிடித்த வெளிச்சம். சந்து முழுவதும் சாம்பலாகி, சுவர் எது, வானம் எது என்று தெரியாமல் கலந்துபோயிருந்தது. தலைக்குமேலே இரண்டு வீட்டுக்கு நடுவில் கட்டிய கயிற்றில் அந்தப் பாவாடை தொங்கியது. அவர் நின்றுவிட்டார். அத்தனை சாம்பலுக்கு நடுவில் அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. பனி அதைக் கரைக்க முடியாமல் சுற்றிச் சுற்றிப் போனது. அன்று காலையிலும் இது இப்படித்தான் இறங்கி வந்திருக்க வேண்டும், இவ்வளவு பெரிய விஷயம், தன் கண்முன்னால், படி படியாக. தான் அதைப் பார்க்கவேயில்லை. தட்டுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் பார்த்துப் பார்த்துக் கண்ணும் தட்டாகிவிட்டது என்று நினைத்தார்.

"என்ன ஐயா, துணி திருடவா?" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

வீட்டுக்குப் போய், "அந்தச் சிவப்புச் சாயம் எங்கிட்ட ஒரு சீசா குடு" என்றார்.

ஸுல்மிரா சாயத்தோடு இரண்டு தூரிகையும் எடுத்துவந்தாள். "உனக்கு வராது. தண்ணியை முதல்ல தடவணும், அப்புறம்தான் சாயம்" என்றாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

தன் செலவில்லாமல் நடக்கிற காரியம் என்பதால் லசெர்தா கட்டுக் கட்டாக அட்டைகளைக் கொடுத்துவிட்டார். மற்ற கடைகளுக்கு எவரிஸ்துவே மைப்புட்டியும் தூரிகையுமாகப் போனார். பாலத்தடி காபிக்கடை, பங்குக்கோயில் வாசல், படகுத்துறைப் பெட்டிக்கடை என்று ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து, தன் உயர்ந்த படத்தின்மேல் தானே சிவப்பு பூசினார். 'விதவை'யை அடித்துவிட்டுத் 'தெயோலிந்தா' என்று எழுதினார். கடைக்காரர்கள் தோளுக்குப் பின்னால் நின்று யோசனை சொன்னார்கள். கைக்குட்டைக்கு மஞ்சள் அடித்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்றார் ஒருவர். எவரிஸ்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்த தெயோலிந்தா சிவப்பேறிய அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ம்" என்றாள். போகும்போது நாலு மத்தியைக் காகிதத்தில் சுற்றி மேசையின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதோடு முடிந்திருக்கலாம். செப்டம்பர் நடுவில் மீன்பிடிக் கப்பல்களுக்கான வானொலிச் செய்தியில் ஒரு கப்பலின் பெயர் வந்தது. சாந்தா இரியா, கிரீன்லாந்துக் கரைக்கப்பால் தீப்பிடித்து மூழ்கிவிட்டது. ஆட்கள் தோணிகளில் இறங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த மூன்று கப்பல்கள் பனிக்குள் தேடித் தேடி ஏற்றிக்கொண்டிருக்கின்றன. சிலர் கிடைக்கவில்லை. ஆட்கள் வேறுவேறு கப்பலில் இருப்பதால் பெயர் விவரம் பிறகு.

ஃபிர்மினோ போன கப்பல் அதுதான்.

மறுநாளே தெரு மாறிவிட்டது. முன்பு கேலி பேசியவர்கள் இப்போது எவரிஸ்துவைக் கண்டால் சிலுவை போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். படம் எடுக்க நாள் குறித்திருந்த கல்யாணக்காரர்கள் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்கள். எழுதினவன் கை பலித்துவிட்டது என்று சந்தையில் பேச்சு. எவரிஸ்துவுக்கு இந்தமாதிரி நம்பிக்கை எதுவும் கிடையாது. ஆனாலும் இருட்டறைக்குள் போய் நிற்கும்போது, 'பர்ரேது விதவைன்னு போடுங்க' என்று தான் அவ்வளவு சுலபமாகச் சொன்ன குரல் தனக்கே கேட்டது. வேலை ஓடவில்லை. வெளியே வந்து ஸுல்மிராவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துகொள்வார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியம் தெயோலிந்தா வந்தாள். இருவரும் எழுந்துவிட்டார்கள். திட்டப் போகிறாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று எவரிஸ்து நின்றார். அவள் அந்தச் சிவப்புப் பாவாடையைக் கட்டியிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"இன்னும் அட்டை பாக்கி இருக்கா?"

"இருக்கு" என்றாள் ஸுல்மிரா.

"ஒரு குச்சி குடு. நானும் பூசறேன்."

ஸுல்மிரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தெயோலிந்தா உட்கார்ந்து தூரிகையை மீன் வெட்டுகிற கத்தியைப்போலப் பிடித்தாள்.

"அத்தை கறுப்புச் சாயம் கரைச்சு வெச்சிருக்காங்க. என் துணியெல்லாம் அதுல முக்கணுமாம். ஊரே சொல்லுது. சிவப்பைக் கட்டிக்கிட்டுத் தெருவுல நடக்கறாளே, வெக்கமில்லையான்னு காறித் துப்புறாங்க." தூரிகையைச் சாயத்தில் தோய்த்தாள். "கறுப்பைக் கட்டினா முடிஞ்சுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் கட்டமாட்டேன், தோனா ஸுல்மிரா. எவனாவது வந்து அவன் பேரைச் சொல்லட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

"அழுத்தாதே. லேசா" என்றாள் ஸுல்மிரா.

முதல் அட்டையில் சிவப்பு வழிந்து படிக்கட்டுவரை போய்விட்டது. ஸுல்மிரா பஞ்சால் ஒற்றி எடுத்தாள். இரண்டாவதிலும் வழிந்தது. மூன்றாவதில் தெயோலிந்தாவின் கண்ணீர் விழுந்து சாயம் கலங்கிற்று. அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. எப்படிப்பட்ட வெளிச்சம் அது என்று எவரிஸ்துவுக்குத் தெரியாமலில்லை. அவள் நிமிர்ந்தாள்.

"என்ன பாக்கறே? படம் பிடிக்கணுமா?"

"இல்லம்மா. சும்மா பாக்கறேன்."

"பாக்கறதுன்னா உக்காந்து ஒரு குச்சியை எடுத்துக்கோ. கை சும்மாத்தானே இருக்கு."

அவரும் உட்கார்ந்தார். அதன்பிறகு மீன் விற்று முடித்த கையோடு அவள் தினமும் வந்தாள். மூன்று பேரும் பூசினார்கள். சில நாள் அவள் வாயே திறக்கமாட்டாள். சில நாள் ஃபிர்மினோவைத் திட்டித் தீர்ப்பாள்: தூக்கத்தில் உதைப்பான், கஞ்சிக்கு உப்புப் போதாதென்பான், கல்யாணத்தன்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தான். ஸுல்மிரா தன் பங்குக்கு எவரிஸ்துவைத் திட்டுவாள். அவர் தலையைக் குனிந்து பூசிக்கொண்டிருப்பார். பூசவேண்டிய அட்டைகள் தீர்ந்துபோனதும் ஸுல்மிரா ஒன்றும் சொல்லாமல், பூசியவற்றையே மறுபடி எடுத்து நீட்டினாள். தெயோலிந்தாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

ஒரு மாலை, விளக்கேற்றும் நேரம், கதவு திறந்தது. கிரசிந்தா நின்றிருந்தாள். கப்பல் செய்தி வந்ததிலிருந்து வீட்டுப் படியே இறங்காத மனுஷி, தலை முழுக்கக் கறுப்புச் சால்வையோடு, பர்ரேதுவிலிருந்து அந்த மேட்டுத் தெருவரைக்கும் தனியாக ஏறி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கிற்று. தெயோலிந்தாவின் கையில் தூரிகை நின்றுவிட்டது. சிவப்புச் சொட்டு ஒன்று மேசையில் விழுந்தது.

"அத்தே" என்றாள். "சொல்லிடுங்க அத்தே."

"இருக்கான்" என்றாள் கிரசிந்தா.

ஸுல்மிரா தூரிகையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"கம்பெனி வாசல்ல பேர் வாசிச்சாங்க. ரெண்டு தடவை கேட்டேன். கை ஒண்ணு வெந்திருக்காம். இருக்கான்டி. நம்ம ஃபிர்மினோ இருக்கான்."

தெயோலிந்தா எழுந்து போய் மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிழவி அவள் முதுகில் தட்டிக்கொண்டே, "அந்தச் சாயத்தைச் சாக்கடையில கொட்டிட்டு வந்தேன். தெரு பூரா கறுப்பா ஓடுது. கீழ் வீட்டுக்காரி கத்தறா, கத்தட்டும்" என்றாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்து, "அந்தப் படக்காரன் எங்க?" என்றாள்.

எவரிஸ்து, பிள்ளைகளைப் படமெடுக்க வைத்திருந்த மரக்குதிரையின்மேல் உட்கார்ந்திருந்தார். கைக்குக் கிடைத்ததில் உட்கார்ந்துவிட்டார். அவர் அதில் முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்துக் கிரசிந்தாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

தப்பியவர்களை ஏற்றிவந்த கப்பல் அக்டோபரில் ஆற்றுமுகத்துக்குள் நுழைந்தது. துறைக்கு எவரிஸ்து போகவில்லை. அது அவர்கள் காரியம் என்று இருந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அவர்களே வந்தார்கள். ஃபிர்மினோவை எருமைக்கடா என்று அவள் சொன்னதை நினைத்து எவரிஸ்து பெரிய ஆளை எதிர்பார்த்திருந்தார். வந்தவன் மெலிந்து, இடதுகை முழுக்கக் கட்டோடு, கதவருகில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"நீங்கதானா என்னைக் கொன்னவரு?" என்றான். குரலில் கோபம் இல்லை.

"மன்னிக்கணும்" என்றார் எவரிஸ்து. இந்தத் தடவை அந்த ஒரு வார்த்தைக்குமேல் எதுவும் சேர்க்கவில்லை.

"அட, விடுங்க. அந்த அட்டை எங்க கப்பலுக்கே வந்துச்சு. ஒருத்தன் வீட்டிலேர்ந்து அனுப்பியிருந்தாங்க. பசங்க என்னைப் பாடாப் படுத்திட்டானுங்க. 'ஃபிர்மினோ, நீதான் செத்துட்டியே, இன்னிக்குத் தோணி இறக்கவேணாம், படுத்துக்கோ'ன்னு. சமையல்காரன் கஞ்சி ஊத்தமாட்டேன்னுட்டான், செத்தவனுக்கு எதுக்குன்னு." அவன் சிரித்தான். "நான் அதை வாங்கிப் படுக்கைக்கு மேல ஆணி அடிச்சு வெச்சிருந்தேன். கப்பலோட எரிஞ்சுபோச்சு. இன்னொண்ணு வேணும், அதான் வந்தேன்."

ஸுல்மிரா ஓடிப்போய் இருப்பதிலேயே நன்றாகப் பூசிய அட்டையைக் கொண்டுவந்தாள். ஃபிர்மினோ அதை வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

"இந்தச் சிவப்பு இல்லையே" என்றான்.

"என்ன இல்லை?" என்றாள் தெயோலிந்தா.

"பாவாடை இந்த நிறம் இல்லை. இது தக்காளி மாதிரி இருக்கு. அது இன்னும் கொஞ்சம் அடர்த்தி."

"சாயம் காய்ஞ்சா வெளுக்கும்" என்றாள் ஸுல்மிரா, முகம் சிவந்து.

"நானே கையால பூசினேன்டா! என் பாவாடை நிறம் எனக்குத் தெரியாதா?"

"வாங்கினவன் நான்தானே? கடைக்காரன் பத்துத் துணியைப் பிரிச்சுப் போட்டான், ஒவ்வொண்ணா விளக்குகிட்ட கொண்டுபோய்ப் பாத்து எடுத்தேன். எனக்குத் தெரியாதா?"

தக்காளி, மாதுளை, ஒயின் என்று மூவரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது எவரிஸ்து உள்ளே போனார். சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருந்த அந்தப் பெரிய படத்தை எடுத்துவந்தார். கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி, சாயம் படாத அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

ஃபிர்மினோ பேச்சை நிறுத்தினான். குனிந்தான். நல்ல கையின் விரலால், படத்தைத் தொடாமல், பாவாடையின் ஓரத்தைத் தொடர்ந்துகொண்டே போனான்.

"இதான்" என்றான். "இதுல சரியா இருக்கு."

"கறுப்பா இருக்குடா, குருட்டுப் பயலே!"

"உனக்குக் கறுப்பு. எனக்கு அங்க படுக்கையில படுத்துக்கிட்டுப் பாக்கறப்ப ஒரு நாளும் கறுப்பாத் தெரியலையே. எனக்கு நிறம் தெரியும்ல." அவன் எவரிஸ்துவைப் பார்த்தான். "இதைக் குடுப்பீங்களா ஐயா?"

எவரிஸ்து தலையாட்டினார். சுற்றிக் கொடுக்கக் காகிதத்தை எடுத்தார். ஸுல்மிரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் சாயச் சீசாவை மூடினாள். தக்காளி என்றதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

சுற்றுவதற்கு முன் நினைவு வந்து, மேசையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கீழ என்ன எழுதட்டும்?" என்று தெயோலிந்தாவைக் கேட்டார்.

அவள் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, தள்ளி வைத்தாள்.

"ஒண்ணும் எழுதாதே" என்றாள். "நீ எழுதினவரைக்கும் போதும்."